தேதி, இடம், குறிப்பு

செப்டம்பர் 4, திங்கள்

என் கணவர் மதியழகன் நல்லவர். இதை முதல் வரியாக எழுதிவைத்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். கத்தாரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார். என் மேல் அக்கறை அதிகம்.

அவருடைய சைட்டில் ஒரு முறை உண்டு. தொழிலாளிகள் வேலை செய்கிற இடத்தில் நின்று, ஒரு நாளைக்கு மூன்று தடவை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எந்த இடம், என்ன நேரம் என்பது போட்டோவுக்குள்ளேயே பதிவாகிவிடுமாம், யாரும் ஏமாற்ற முடியாதாம். போன லீவு முடிந்து கிளம்பும்போது அதை எனக்கும் சொல்லிவிட்டுப் போனார். "சைட்டுல லேபரே அனுப்புறான். பொண்டாட்டி அனுப்பக் கூடாதா?" என்றார். கேட்கும்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு. என் முகம் தெரிய வேண்டும், பின்னால் பேராவூரணி வீடு தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் தேதியும் இடமும் உதிர்ந்துவிடும் என்பதால் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். அவர் திறந்து பார்த்து 'ஓகே' என்று போடுவார். எனக்கு வந்திருக்கிற ஓகேக்களை அடுக்கினால் இன்னொரு மாடி எழுப்பிவிடலாம்.

இட்லிக்கு ஊறப்போட்டேன். போன லீவில் வலது மணிக்கட்டு கதவுக் கைப்பிடியில் இடித்துக்கொண்டது. மாவு வழிக்கும்போது இன்னும் சுருக்கென்கிறது.

செப்டம்பர் 6, புதன்

வெயில். வடாம் பிழிந்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். அத்தை, அதாவது அவருடைய அம்மா, நிழலில் நாற்காலி போட்டுக் காக்காய் விரட்டினார். காக்காயையா என்னையா என்பது தெரியவில்லை. அவர் நன்றாக இருக்கிறார். நானும்.

செப்டம்பர் 8, வெள்ளி

அவருடைய புது மீசை எனக்குப் பிடிக்கவே இல்லை. எலி வால் மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 10, ஞாயிறு

மீசையைப் பற்றி எழுதியது வெள்ளிக்கிழமை மதியப் படத்துக்குள்ளேதான். அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'ஓகே' என்று வந்தது. நேற்று முழுக்கப் பேசியதிலும் மீசையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆக, அவர் பார்ப்பதில்லை. இனி மனம் விட்டு எழுதலாம்.

சொல்கிறேன். ஒரு போட்டோ என்பது வெறும் படம் இல்லை. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. எந்தக் கேமரா, என்ன தேதி, என்ன நேரம், பூமியில் எந்தப் புள்ளி, எல்லாம் அதில் இருக்கும். அதே சீட்டில் 'குறிப்பு' என்று ஓர் இடமும் உண்டு. படம் எடுத்தவர் ஏதாவது எழுதிவைக்க விரும்பினால் எழுதலாம், பக்கம் பக்கமாகக்கூட. போனில் விவரம் பார்க்கிறவர்களுக்குத் தேதியும் இடமும்தான் தெரியும், குறிப்பு தெரியாது. கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினால்தான் கிடைக்கும்.

இந்த வீட்டில் டைரி ஒளித்துவைக்க இடமில்லை. பீரோ சாவி அத்தையிடம். தலையணை உறையைக்கூட அத்தைதான் உருவித் துவைக்கிறார். அதனால் என் டைரியைக் கணவரிடமே கொடுத்துவைத்திருக்கிறேன். கத்தாரில் பத்திரமாக இருக்கும்.

எழுதுவது பாலிடெக்னிக்கில் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பில். இவர் அதைத் தொலைத்துத் தலைமுழுகச் சொன்னார், கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. பேட்டரி செத்துவிட்டது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். அத்தை மதியம் சீரியல் பார்த்தபடியே தூங்கிப்போகும் நேரம்தான் எனக்கு. அங்கே படித்த பைத்தான் புரோகிராமிங் மறக்கவில்லை. படத்தைத் திற, சீட்டைப் படி, குறிப்பை எழுது, சேமி. பத்துப் பதினைந்து வரி ஸ்கிரிப்ட்.

இன்று மதியம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குறிப்பை எழுத முடிந்தால் தேதியையும் எழுதலாமே.

செப்டம்பர் 14, வியாழன்

அத்தை பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். பீரோவுக்கு வெளியே இருக்கிற சேலைகளை எல்லாம் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வீடு முழுக்கப் படம் எடுத்தேன். அடுப்படியில், மாடியில், கொடியில் துணி காயப்போட்டபடி, சாமி மாடத்தில் விளக்கு ஏற்றியபடி. முதலில் தினசரிக் காலண்டரைக் கழற்றி ஸ்டோர் ரூமில் மாட்டினேன். ஹால் கடிகாரத்திலிருந்து பேட்டரியை உருவினேன். எந்தப் படத்திலும் இன்ன நாள் என்று காட்டிக்கொடுக்க எதுவும் இருக்கக் கூடாது.

பட்டுச்சேலையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது அத்தை திரும்பி வந்துவிட்டார்.

"என்னடி இது, யாருக்குக் கல்யாணம்?"

"பட்டைக் காத்தாட வச்சேன் அத்தை."

"உடுத்திக்கிட்டா காத்தாட வைப்பாங்க?"

ஒரு அப்பளத்தை நீட்டினேன். வாங்கிக் கடித்துக்கொண்டே கால் கழுவப் போனார்.

செப்டம்பர் 21, வியாழன்

தனியாக வெளியே போனேன்!

ரேஷன் கடையில் கூட்டமாக இருக்கும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் சபுரா கடைக்குப் போனேன். சபுரா என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள், இப்போது ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக்கொடுக்கிற கடை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "ஏய், நீ உசுரோடதான் இருக்கியா?" என்று கத்தினாள். கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு மணிப் படத்தை அங்கே ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி அனுப்பினேன். படத்தில் நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். நேற்று மதியமே ஓட்டிவைத்த ஸ்கிரிப்ட், இன்றைய தேதி, இன்றைய நேரம், வீட்டு இடம் எல்லாம் எழுதி, கோப்பின் பெயரைக்கூட மாற்றிவிட்டிருந்தது. 'ஓகே'.

கரும்புச் சாறு குடித்தோம். அவ்வளவுதான் செய்தோம். அதற்கே அழுகை வந்தது, ஐஸ் பல்லில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன். வெறும் பையோடு வந்ததற்கு, "சர்வர் வேலை செய்யல அத்தை" என்றேன். அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

காலையில் போன்.

"ஏன் லொகேஷன் கடைசி நம்பர் வரைக்கும் ஒரே மாதிரி இருக்கு? இங்க ஒருத்தன் ஒரே தூண்கிட்ட நின்னு எடுத்தாலும் கொஞ்சம் முன்னப் பின்ன காட்டும். உனக்கு மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது?"

எப்படியோ சொல்லிவிட்டேன்: "நான் ஒரே இடத்துலதாங்க நிக்கிறேன். எங்க போறேன்?"

"சரி, வை" என்றார்.

நான்தான் முட்டாள். எல்லாப் படத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு தடவையும் நாலு அடி இங்கே, நாலு அடி அங்கே என்று ஸ்கிரிப்ட் தானாக ஆட்டிவிடும். அடுப்படிப் படம் என்றால் அடுப்படிப் பக்கம், மாடி என்றால் மாடிப் பக்கம். மழைப் படங்களைத் தனியாகவும் வெயில் படங்களைத் தனியாகவும் பிரித்துவைத்தேன். ஐப்பசி வந்தால் வானம் யார் பேச்சையும் கேட்காது.

செய்த வேலையை மட்டும் எழுதிக்கொண்டே போகிறேன். பயத்தை எழுதவில்லை. பயந்துவிட்டேன். அவர் குரல் மெதுவாக ஆகும்போதுதான் பயம், கத்தும்போது இல்லை. இன்று மெதுவாகப் பேசினார்.

அக்டோபர் 3, செவ்வாய்

ஹால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. யார் பேட்டரி போட்டது என்று கேட்டதற்கு அத்தை, "கடைக்காரப் பையன்கிட்ட வாங்கினேன். மணி தெரியாம எப்படி இருக்கிறது?" என்றார். மறுபடி உருவினேன்.

அக்டோபர் 9, திங்கள்

சபுராவிடம் என் ஸ்கிரிப்டைக் காட்டியது தப்போ சரியோ. அவள் சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூரில் கோயில் கல்வெட்டுகளையும் ஓவியங்களையும் படம் எடுத்துத் தொகுக்கிற ஓர் அறக்கட்டளைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, என் பெயரில் விண்ணப்பமே போட்டுவிட்டாள். பதினாறாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழ் நகல்கள் அவள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. வேலை கிடைத்தால்தான் அசல் சான்றிதழ் வேண்டும். அசல் பீரோவுக்குள். சாவி அத்தை இடுப்பில்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். வேலை என்று சொல்லவில்லை, மனசு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. குடிக்கிறவரா, சூதாடுறவரா? போட்டோதானே கேக்குறாரு" என்றார். ஆமாம், போட்டோதான் கேட்கிறார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இதுவரை எதையும் இப்படி வேண்டும் என்று எழுதியதில்லை. அங்கே பெண்கள் விடுதி இருக்கிறதாம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாமாம்.

அக்டோபர் 17, செவ்வாய்

நேற்று நடந்தது. மதியம் வரை நல்லபடியாக, பிறகு வேறு மாதிரி.

காலைப் படத்தை வீட்டிலேயே எடுத்து அனுப்பிவிட்டு, பட்டுக்கோட்டை பேங்கில் ஆதார் இணைக்க வேண்டும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். தஞ்சாவூர். ஒரு பழைய வீட்டு மாடியில் ஆபீஸ். டெய்சி மேடம் என்று கண்ணாடி போட்ட ஒருவர். அவர்கள் கஷ்டம் என்னவென்றால், ஊர் ஊராகப் போய் எடுத்த படங்களில் பாதிக்குத் தேதி தப்பு. கேமராவில் பேட்டரி மாற்றும்போதெல்லாம் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய்விட்டிருக்கிறது. எந்தக் கோயில் என்றும் பதிவாகவில்லை. ஆட்கள் எழுதிவைத்த பயண விவரத்தோடு பொருத்தி ஒவ்வொரு படத்துக்கும் சரியான தேதியும் இடமும் ஏற்ற வேண்டும்.

என் ஸ்கிரிப்டை அவர்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினேன். தேதி நகர்கிறது, இடம் ஏறுகிறது, பெயர் மாறுகிறது. மேடம் கிட்டே வந்து பார்த்தார்.

"இந்த இடத்தை லேசா ஆட்டிவிடுற பகுதி எதுக்கும்மா? எங்களுக்கு அது வேண்டாமே."

"எடுத்துடலாம் மேடம்."

"ரொம்ப நுணுக்கமா யோசிச்சு எழுதியிருக்கீங்க. முன்னாடி எந்த கம்பெனிக்காகப் பண்ணுனீங்க?"

"கம்பெனி இல்லை மேடம். வீட்டு உபயோகத்துக்கு."

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார்.

கொடியில் துணி காயப்போடுகிற மதியப் படத்தைத் தஞ்சாவூர் மாடிப்படியில் நின்று அனுப்பினேன், ஓகே வந்தது. அத்தையிடமிருந்து நாலைந்து மிஸ்டு கால் இருந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்பார், பின்னால் பஸ் சத்தம் கேட்கும் என்று பயந்து எடுக்கவே இல்லை. ஆறு மணிக்குப் பட்டுக்கோட்டை தாண்டும்போது மாலைப் படம் அனுப்பினேன். மஞ்சள் சேலை, சாமி மாடத்தில் குத்துவிளக்கு எரிகிறது, நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். இதற்கு ஓகே வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசல் இருட்டு. விளக்கு இல்லை. எதிர்வீட்டு அம்மாதான் சொன்னார்: "வைரக்கண்ணு அய்யா காலையில தவறிட்டாரும்மா. உனக்குத் தெரியாதா?"

வைரக்கண்ணு இவருடைய பெரியப்பா, அடுத்த தெருதான். பங்காளி. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் நமக்கும் தீட்டு. கருமாதி முடியும்வரை வாசலில் கோலம் கிடையாது, மாடத்தில் விளக்கு கிடையாது. அடுப்புகூட அன்று பற்றவைப்பதில்லை. அப்படிப்பட்ட நாளில் என் ஸ்கிரிப்ட் அன்றைய தேதி போட்டு, அன்றைய நேரம் போட்டு, குத்துவிளக்கை ஏற்றி அனுப்பிவிட்டிருந்தது. மழையை யோசித்தேன், வெயிலை யோசித்தேன், சாவை யோசிக்கவில்லை.

உள்ளே அத்தை இருட்டில் உட்கார்ந்திருந்தார். தலை ஈரம். கையில் போன், அதில் என் கணவர் குரல், ஸ்பீக்கரில்.

"பெரியப்பா பொணம் கெடக்கு, நம்ம வீட்டுல ஆறு மணிக்கு வெளக்கு எரியுது! சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. அவ வீட்டுலதான் இருந்தாளா, இல்லையா? ஒண்ணு சொல்லும்மா."

குரல் மெதுவாக இருந்தது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அத்தை என்னைப் பார்த்தார்.

"நாந்தான்டா ஏத்துனேன்."

"நீயா? தீட்டுலயா?"

"கைப் பழக்கம். மாத்திரை போட வீட்டுக்கு வந்தேன், பொழுது சாஞ்சிருந்துச்சு, ஏத்திட்டேன். அப்புறம் ஞாபகம் வந்து அமத்திட்டேன். அதுக்குள்ள அவ போட்டோ எடுத்துட்டா போலருக்கு."

"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்" என்று போனை வைத்தார்.

நான் அவர் பக்கத்தில் உட்காரப் போனேன். "தள்ளி உக்காரு. ஒனக்காவச் சொன்னேன்னு நெனைக்காத" என்றார். "நீ மூணு வேளை போட்டோ அனுப்புறே. நாலாவது வேளை எனக்குப் போன் வருது. அவ எங்க போனா, யாருகிட்டப் பேசுனா, என்ன சேலை கட்டுனா. கல்யாணம் கட்டினவன் அவன், காவல் காக்கிறவ நானா? எனக்குக் காது வலிக்குதுடி."

பிறகு, "கதவுக் கைப்பிடின்னு டாக்டர்கிட்ட சொன்னே. நான் அடுத்த ரூம்புலதான் படுத்திருந்தேன்" என்றார்.

கதவுக் கைப்பிடி இல்லை. எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். இங்கேயும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

சாவு வீட்டில் பெண்கள் அத்தையோடு பேசவில்லை. தீட்டில் விளக்கு ஏற்றியவள் என்று செய்தி போய்விட்டது, என் கணவர்தான் பெரியப்பா வீட்டுத் தம்பிமார்களுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். அத்தை ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நான் ஏற்றாத விளக்கு, அவரும் ஏற்றாத விளக்கு.

அக்டோபர் 21, சனி

இனி போட்டோ போதாதாம். வீட்டுக்குள் கேமரா மாட்ட ஆள் சொல்லிவிட்டார். வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. அங்கிருந்து நேராகப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். "படத்தை எடிட் கிடிட் பண்றியோ என்னவோ. இதுல என்ன பண்ணுவேன்னு பாக்குறேன்" என்றார்.

ஒன்றும் பண்ண முடியாது. போட்டோவுக்கு ஒரு சீட்டு இருந்தது, அதைத் திருத்தினேன். ஓடுகிற கேமராவில் எதைத் திருத்துவது? சுவர்கள் எல்லாம் இன்றைக்கே கிட்டே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஹாலில் நடந்தால் தோள் இடித்துவிடுமோ என்று தோன்றுகிறது.

அக்டோபர் 23, திங்கள்

கேமராக்காரர் டிரில்லிங் மிஷினோடு வந்தார். அத்தை வாசலில் மறித்துக்கொண்டார்.

"கருமாதி முடியாம செவுத்துல ஓட்டை போட்டா யாருக்கு ஆவாது தெரியுமா? போடுறவனுக்குத்தான் மொதல்ல ஆவாது. ஒனக்குப் புள்ள குட்டி இருக்கா?"

அவர் ஒன்றாம் தேதி வருகிறேன் என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்டேன்.

"இருந்தா நல்லாருக்கும்ல?" என்றார்.

அக்டோபர் 27, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. நவம்பர் ஒன்றாம் தேதி அசல் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். கருமாதி முப்பத்தொன்று. கேமரா ஒன்றாம் தேதி. சேர்ந்தாற்போல் வந்து நிற்கின்றன.

போனால் திரும்பி வர முடியாது. போகாவிட்டால் இனி எப்போதும் போக முடியாது. இன்று முழுக்கப் பாத்திரம் தேய்த்தேன், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

கருமாதி முடிந்து வந்து, அத்தை சாமி மாடத்தைக் கழுவி விளக்கு ஏற்றினார். நிஜ விளக்கு. மாலைப் படத்தை நிஜமாகவே எடுத்து அனுப்பினேன். பிறகு கேட்டேன்.

"அத்தை, பீரோ சாவி வேணும்."

"எதுக்கு?"

"சர்ட்டிபிகேட் எடுக்கணும். தஞ்சாவூர்ல வேலை கெடைச்சிருக்கு. நாளைக்குப் போறேன்."

சொல்லிவிட்டேன். அத்தை விளக்குத் திரியை நிமிண்டிக்கொண்டே இருந்தார்.

"திரும்பி வருவியா?"

"அவரு இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் அத்தை."

அதையும் சொல்லிவிட்டேன். மிச்சத்தையும் சொன்னேன்: படங்களுக்குள்ளே எல்லாம் எழுதியிருக்கிறேன், போன பிறகு அதை அவரைப் படிக்கச் சொல்லப்போகிறேன், ஆனால் அதில் அத்தையும் இருக்கிறார், வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன்.

"என்னைப் பத்தியா? என்ன எழுதியிருக்கே?"

"வெளக்கு விஷயம். கேமராக்காரர் விஷயம். காக்கா விரட்டுனது."

"காக்காவுமா?" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "படிக்கட்டும். அவன் என்னை என்ன பண்ணிடுவான்? பெத்தவ நானு." இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பட்டுச்சேலையையும் எடுத்துக்க. காத்தாட வச்சதுதானே" என்றார்.

நவம்பர் 1, புதன்

காலை எட்டு மணி. தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்ட். பின்னால் பூக்கடை, பஸ், ஜனம். படத்தில் எதையும் மாற்றவில்லை, டீக்கடை பிளக்கில் லேப்டாப்பைச் சொருகி இந்தக் குறிப்பை மட்டும் சேர்க்கிறேன். அனுப்பப் போகிறேன்.

நவம்பர் 2, வியாழன்

என்னங்க,

நேற்று எட்டு மணிக்கு வந்த படத்துக்கு நீங்கள் எழுதிய பதிலை வைத்திருக்கிறேன். 'எடிட் பண்ணி வெளையாடாத. வீட்டுலதான் இருக்கேன்னு தெரியும். ஒழுங்கா அடுப்படியில நின்னு அனுப்பு.' இத்தனை நாளில் நான் வெளியே இருக்கும்போது நிஜமாக வந்த படம் அது ஒன்றுதான், அதைத்தான் நம்பவில்லை. மதியம் கேமரா மாட்டி, அதில் அத்தை மட்டும் உட்கார்ந்து வெற்றிலை போடுவதைப் பார்த்த பிறகுதான் போன் அடிக்க ஆரம்பித்தது. நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

என் படங்களை நீங்கள் அழித்திருக்க மாட்டீர்கள், ஆதாரம் என்று சேர்த்துவைத்திருப்பீர்கள். சைட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து குறிப்பு என்ற இடத்தைப் பாருங்கள். எப்படித் திறப்பது என்று ஒரு வரி தனியாக அனுப்புகிறேன். செப்டம்பர் நாலாம் தேதியிலிருந்து வரிசையாகப் படியுங்கள். தேதியையும் இடத்தையும்தான் திருத்தினேன், குறிப்பைத் திருத்தவில்லை. மீசையைப் பற்றி எழுதியதுகூட உண்மை.

குறிப்புகளில் பொய் என்று பெரிதாக இரண்டுதான். ஒன்று கதவுக் கைப்பிடி. இன்னொன்று முதல் நாள் எழுதிய முதல் வரி.

மணி ஒன்றாகிறது. இது மதியப் படம். இடம், விடுதியில் என் அறை. இதற்கு நீங்கள் ஓகே போட வேண்டியதில்லை.